விமலகுமாரி சொன்ன மாத்திரை

ஆரியங்கோட்டுப் பக்கம் ரப்பர் தோட்டங்களான விளைகளில் பெண்கள் பால் எடுப்பார்கள், அதை உறையவைத்து ஷீட் அடிப்பார்கள். கத்தி பிடித்து மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிற பெண்கள் குறைவு. அந்தக் கொஞ்சம் பேரில் விமலகுமாரிக்கு நல்ல பேர் இருந்தது. அவள் வெட்டினால் பட்டையில் காயம் விழாது. பால் சிதறாமல் கோடு பிடித்து ஓடிச் சிரட்டையில் சொட்டும். கல்யாணம் ஆன புதிதில் புருஷன் சுந்தரதாஸ் விளையாட்டாகத்தான் கத்தியை அவள் கையில் கொடுத்தார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அவரைவிட வேகமாக வெட்ட ஆரம்பித்துவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே கொத்தனார் வேலைக்குப் போனார். மகன் சஜு படித்ததும், கத்தாருக்கு ஏசி மெக்கானிக்காகப் போனதும் அவள் வெட்டிய பாலில்தான்.

அவள் வெட்டிய விளையின் முதலாளி திருவனந்தபுரத்தில் இருந்தார். மேல் பாதி வெட்டுவது விமலகுமாரி, கீழ்ப் பாதி லேகா. லேகா எதிர்வீட்டு அபிலாஷின் மனைவி. வெள்ளறடைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், அங்கேயே வெட்டிப் பழகியவள். விடிவதற்கு முன்னால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஒன்றாக விளைக்குள் இறங்குவார்கள். விமலகுமாரி வேதக்காரி, சபைக்குப் போகிறவள்; லேகா கோவிலுக்குப் போகிறவள். வயதில் பதினைந்து வருட வித்தியாசம். ஆனாலும் பேச்சு ஓயாது. மரங்களுக்கு நடுவே ஒருவரையொருவர் பார்க்க முடியாது, குரல்தான்.

"அக்கோ, உண்டா?"

"உண்டு பிள்ளே, நீ வெட்டு."

இப்படி, இருக்கிறாயா என்று கூப்பிட்டுக்கொள்வதற்குக் காரணம் பன்றிகள். ரப்பர் விலை விழுந்த பிறகு முதலாளி விளையில் காடு வெட்டுவதை நிறுத்திவிட்டார். கம்யூனிஸ்ட் பச்சை என்கிற களைச்செடி இடுப்பளவு வளர்ந்தது. மலைப்பக்கத்திலிருந்து காட்டுப்பன்றிகள் ஒவ்வொரு விளையாகத் தாண்டி இறங்கி வந்தன. மரச்சீனிக் கிழங்கைத் தோண்டித் தின்றன. மனிதக்குரல் கேட்டால் விலகிப் போகும் என்பதால் இருவரும் சத்தம் கொடுத்துக்கொண்டே வெட்டினார்கள்.

பன்றிகளோடு இன்னொன்றும் வந்தது, உண்ணி. முன்பெல்லாம் மாட்டுக் காதிலும் நாய்க் கழுத்திலும் பார்த்த உண்ணி இப்போது புல் நுனியில் ஏறி உட்கார்ந்திருந்தது. விளையிலிருந்து வந்ததும் பாவாடையை உதறி, உடம்பைத் தடவிப் பார்த்து, ஒட்டியிருந்ததைப் பிய்த்துக் கல்லில் வைத்து நசுக்குவது அவர்களுக்குக் குளிப்பதுபோல வழக்கமாகிவிட்டது. அதைப் பெரிதாக யாரும் நினைக்கவில்லை.

மழை விட்ட ஒரு கார்த்திகை மாதம் விமலகுமாரிக்குக் காய்ச்சல் வந்தது. தலை பிளந்துவிடும்போல் வலி. சந்தைக்குப் பக்கத்திலிருந்த கிளினிக்கில் வைரல் பனி, அதாவது வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. கையிலும் காலிலும் சிவப்புப் பொட்டுகள் வந்தன. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு மாத்திரை கொடுத்தார்கள். பொட்டு உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் பரவியது. இன்னொரு ஆஸ்பத்திரியில் எலிப்பனியாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வருவதற்குள் அவளுக்கு நினைவு தப்பியது. விரல் நுனிகள் நீலமாகி, பிறகு கருத்தன. சுந்தரதாஸ் ஜீப் பிடித்துக் காரக்கோணம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஒரு இளம் லேடி டாக்டர் அவளைத் தலையிலிருந்து கால்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்காலுக்குப் பின்னால், மடிப்புக்குள், பீடியால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருந்தது.

"உண்ணி கடிச்சதா?" என்று சுந்தரதாஸிடம் கேட்டார்.

"அது எப்பவும் கடிக்கும் டாக்டரே. விளையில நிக்குதவ இல்லியா."

அன்றே மருந்தை மாற்றினார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. விமலகுமாரி கண் திறந்து பார்த்தாள். ஆனால் கருத்த விரல்கள் கருத்தபடியே இருந்தன. காய்ந்த முருங்கைக்காய்போல் சுருங்கின. வலது கையில் மூன்று விரல்களைப் பாதியோடும், இடது கையில் இரண்டின் நுனியையும் எடுத்துவிட்டார்கள். காலிலும் சில விரல்கள் போயின.

கட்டுப் பிரிக்கிற நாளில் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். உண்ணிக்குள் ஒரு பாக்டீரியா இருக்கிறது, கடிக்கும்போது அது ரத்தத்தில் இறங்கி ரத்தக்குழாயின் உட்சுவரை அரிக்கிறது, அதனால்தான் பொட்டு, அதனால்தான் விரலுக்கு ரத்தம் போகாமல் நின்றது என்று விளக்கினார். முன்பு மலையோரத்திலிருந்து வருகிறவர்களிடம்தான் இதைப் பார்த்ததாகவும், இப்போது கீழே ஊர்களிலிருந்தும் ஆள் வருகிறதென்றும் சொன்னார்.

"பன்னியும் நாயும் மாடும் எங்க போனாலும் உண்ணியும் கூடப் போகும் சேச்சி. கேரளத்து உண்ணி, தமிழ்நாட்டு உண்ணின்னு உண்டா? பாறசாலை செக்போஸ்ட்டில அதை யாரு பிடிக்க?"

விமலகுமாரி கேட்டாள்: "ஆதியிலேயே இந்த மாத்திரை தந்திருந்தா?"

டாக்டர் அவள் கையை மெல்லத் தன் கையில் எடுத்தார். "வெரல் நின்னிருக்கும்" என்றார்.

அந்த மாத்திரை விலை உயர்ந்ததல்ல, அபூர்வமானதல்ல. எந்த மெடிக்கல் ஸ்டோரிலும் கிடைக்கிற சாதாரண மாத்திரை. அதுதான் விமலகுமாரியின் நெஞ்சில் போய்க் குத்தியது. வீட்டுக்கு வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். சந்தைக் கிளினிக்கில் அவள் சுருண்டு உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே, மருந்துக் கண்ணாடி அலமாரியில் அது அன்றும் இருந்திருக்கும்.

சுகாதாரத் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெள்ளைத் துணியை விளைக்குள் இழுத்து நடந்து, அதில் ஒட்டிய உண்ணிகளைக் குப்பியில் போட்டுக்கொண்டு போனார்கள். ஆட்டிலிருந்தும் நாயிலிருந்தும் எடுத்தார்கள். முதலாளியிடம் காடு வெட்டச் சொல்லுவோம் என்றார்கள். யாரும் வெட்டவில்லை. பன்றிகள் முன்பைவிடப் பெருகின.

விமலகுமாரியால் இனி கத்தி பிடிக்க முடியாது. அவள் பங்கு மரங்களையும் லேகாவே எடுத்துக்கொண்டாள். விளையிலிருந்து வந்து குளித்ததும் நேராக எதிர்வீட்டுக்கு வருவாள். கருவாடு சுட்டுத் தருவாள், ஜாக்கெட் கொக்கி மாட்டிவிடுவாள், எண்ணெய் வைத்துத் தலைவாரிவிடுவாள். லேகாவின் மாமியார் ஸ்ரீகுமாரி வாசலில் நின்று முணுமுணுப்பாள். "எக்க தலைக்கு எண்ணெய் வைக்க ஆளில்ல" என்பாள். லேகா சிரித்துக்கொண்டே வாரிக்கொண்டிருப்பாள்.

"ஒனக்கு என்னத்துக்குப் பிள்ளே இந்தப் பாடு?" என்று விமலகுமாரி கேட்டாள் ஒரு தடவை.

"உண்ணி என்னைக் கடிச்சிருந்தா நீங்க பாக்க மாட்டீங்களா அக்கா? ஒரே விளையிலதானே நின்னோம்."

வீட்டில் உட்கார்ந்தே பழக்கமில்லாத விமலகுமாரிக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டாலும் புறப்பட்டுப் போவாள். உடம்பில் பொட்டு உண்டா, விளைக்குப் போனீர்களா, உண்ணி கடித்ததா என்று விசாரிப்பாள். குறைவிரல் கையை நீட்டிக் காட்டுவாள். சபைப் பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்தபோதும் தேவன் தன்னைக் காப்பாற்றியதை ஒரு வரியில் முடித்துவிட்டு மாத்திரைக்கு வந்துவிட்டாள். சிலர் சிரித்தார்கள். ஆடு வாங்கி விற்கிற சஜிக்குக் காய்ச்சல் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவன் மனைவியை விடாமல் துரத்திக் காரக்கோணத்துக்கு அனுப்பியது விமலகுமாரிதான். அவனுக்கும் அதே உண்ணிப்பனி. ஒரு வாரத்தில் எழுந்து ஆடு ஓட்டிக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகு ஆட்கள் அவள் வீடு தேடி வர ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரியில் போய் வரிசையில் நிற்பதற்குப் பதிலாக மாத்திரையின் பேரை மட்டும் கேட்டுக்கொண்டு போனார்கள். அவளும் சொன்னாள். இரண்டு மூன்று பேருக்குக் காய்ச்சல் விட்டது. அது எந்தக் காய்ச்சலாக இருந்தது என்று யாருக்குத் தெரியும்? தானாகவே விடுகிற காய்ச்சலும் உண்டே. ஆனால் நன்றி சொல்ல வாழைக்குலையோடு வருகிறவர்களிடம் அதை யார் யோசிப்பார்கள்? எத்தனையோ காலத்துக்குப் பிறகு விமலகுமாரி நிமிர்ந்து நடந்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஜிஜா இதைக் கேள்விப்பட்டு வந்தாள். சத்தம் போடவில்லை, நயமாகத்தான் சொன்னாள்.

"அக்கா, பனின்னா ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லுங்க. உண்ணி கடிச்சதை டாக்டர்கிட்டச் சொல்லச் சொல்லுங்க. அது நல்லதாக்கும். மாத்திரைக்க பேரை மட்டும் சொல்லாண்டாம். எல்லாப் பனியும் ஒரே பனி இல்ல."

விமலகுமாரிக்குச் சுருக்கென்றது. கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஆஸ்பத்திரிக்குப் போயித்தானே பிள்ளே எக்க வெரலு போச்சு?"

ஜிஜா அந்தக் கையை ஒரு தடவை பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுக்க விமலகுமாரி அந்த வெற்றியைச் சுந்தரதாஸிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். அவர் சிமெண்ட் படிந்த கால்களைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "அவ சொன்னதிலயும் காரியம் உண்டு விமலா" என்று மட்டும் சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை.

வைகாசி முடியுமுன் எடவப்பாதி மழை தொடங்கியது. பால் வெட்டு நின்றும் தொடர்ந்தும் நடந்தது. லேகாவுக்குக் காய்ச்சல் வந்தது.

விமலகுமாரி போய்ப் பார்த்தபோது போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பு முறிகிறதுபோல் வலி. கழுத்தும் நெஞ்சும் சிவந்திருந்தன. போன வாரம்தான் இடுப்பிலிருந்து ஒரு உண்ணியைப் பிய்த்துப் போட்டதாகச் சொன்னாள். அந்த இடத்தில் சின்னத் தடிப்பும் இருந்தது. விமலகுமாரிக்குச் சந்தேகமே இல்லை. எல்லாம் அப்படியே பொருந்தியது.

அபிலாஷ் வெல்டிங் கடைக்கு லீவு சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தான். "நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவட்டா அக்கா? எல்லாரும் டெங்குன்னு சொல்லுதாவ, ஒரு டெஸ்ட் எடுத்தா..."

"எடுக்கலாம் மக்கா. முதல்ல மாத்திரை போடு. நான் கெடந்த கெடை பாத்தல்லியா? ரிசல்ட்டுக்குக் காத்துக் கெடந்தா இந்தப் பிள்ளைக்கு வெரலு மிஞ்சாது."

லேகா போர்வைக்குள்ளிருந்து சிரித்தாள். "அக்கா சொன்னா சரியா இருக்கும். நீங்க வாங்கிட்டு வாங்க."

விமலகுமாரி தன் பழைய மாத்திரை அட்டையைக் கொடுத்தனுப்பினாள். அபிலாஷ் அதைக் காட்டி வாங்கி வந்தான். வேளை தவறாமல் அவளே எதிரில் நின்று விழுங்கவைத்தாள். ஈரத்துணி போட்டாள். லேகாவின் மகள் நீதுவைத் தன் வீட்டில் சாப்பிடவைத்துப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். தனக்கு லேகா செய்த ஒவ்வொன்றையும் குறைவிரல்களால் திருப்பிச் செய்ய முடிகிறதே என்ற நிறைவு அந்த நாட்களில் அவளுக்கு இருந்தது.

காய்ச்சல் விட்டது. இரண்டாம் நாள் கழிந்து காலையில் லேகாவின் நெற்றி குளிர்ந்திருந்தது. எழுந்து உட்கார்ந்து கொஞ்சம் கஞ்சி குடித்தாள். ஸ்ரீகுமாரிகூட அன்று முணுமுணுக்கவில்லை. வாசலுக்கு வந்து விமலகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா எக்க வீடு கெட்டிருக்கும்" என்றாள். அபிலாஷ் கடைக்குப் போனான். விமலகுமாரி வீட்டுக்கு வந்து அடுப்படியிலேயே முழங்கால் போட்டு ஜெபித்தாள்.

மத்தியானத்துக்குமேல் லேகா வயிறு வலிக்கிறது என்றாள். குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தாள். திரும்பவும் எடுத்தாள்.

"அது மாத்திரைக்க கொணமாக்கும்" என்றாள் விமலகுமாரி. "எனக்கும் அப்படித்தான் இருந்து. வயித்தைப் பெரட்டும். பேடிக்காண்டாம், பயப்படாத பிள்ளே, பனிதான் விட்டாச்சே."

லேகா படுக்கையில் இருப்புக்கொள்ளாமல் புரண்டாள். தாகம் என்றாள், தண்ணீர் குடித்தால் வெளியே வந்தது. உதட்டில் நிறமில்லை. விமலகுமாரி காலைத் தேய்த்துவிட உட்கார்ந்தபோதுதான் பாதங்கள் ஈரமாய், ஐஸ்போல் இருப்பதை உணர்ந்தாள். கையைத் தொட்டாள், அதுவும் அப்படியே. அவளுக்குத் தான் காய்ச்சலில் கிடந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று தன் கை கால் எரிந்தது; ஒருநாளும் இப்படிக் குளிர்ந்ததில்லை. வாசலுக்கு ஓடி ஸ்ரீகுமாரியைக் கூப்பிட்டாள்.

"அபிலாஷைக் கூப்பிடுங்க" என்று கத்தினாள். "ஆட்டோ வரட்டும். வேகம்."

மழையில் ஆட்டோ காரக்கோணத்துக்கு ஏறியபோது லேகாவின் தலை விமலகுமாரியின் மடியில் இருந்தது. "உண்டா பிள்ளே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். முதல் இரண்டு தடவை "உண்டு" என்று பதில் வந்தது. பிறகு வரவில்லை.

அவசரப் பிரிவில் ரத்த அழுத்தமே காட்டவில்லை என்றார்கள். ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அபிலாஷும் சுந்தரதாஸும் விமலகுமாரியும் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலையில் அதே லேடி டாக்டர் வெளியே வந்தார். விமலகுமாரியின் முகத்தைவிட அவள் கையைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார்.

"உண்ணிப்பனிதானே டாக்டரே?" என்று விமலகுமாரி எழுந்தாள்.

"இல்ல சேச்சி. டெங்கு. பனி விடும்போதுதான் அதில அபாயம். ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசிஞ்சு பிரஷர் விழுந்துரும்."

"நான் மாத்திரை குடுத்தேன்."

"மாத்திரையால ஒண்ணும் வரல."

"முன்னாலயே கொண்டு வந்திருந்தா?"

தன் விரல்களைப் பற்றி அன்று கேட்டபோது செய்ததுபோலவே டாக்டர் அவள் கையை எடுத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "அட்மிட் பண்ணி, டிரிப் போட்டுப் பாத்துக்கிட்டே இருந்திருக்கலாம்" என்றார். அதற்குமேல் சொல்லாமல் அபிலாஷை ஒருபுறமாக அழைத்துப் போனார். அன்று உச்சிக்கு முன்னால் லேகா போய்விட்டாள்.

வீட்டு நிலத்தின் மூலையில் மழைக்குத் தகரம் பிடித்துக்கொண்டு தகனம் நடந்தது. விமலகுமாரி தன் வீட்டுப் படியில் நின்று பார்த்தாள். அந்த வாசலைத் தாண்ட அவளால் முடியவில்லை. நீது மாமன் தோளில் இருந்தாள். ஸ்ரீகுமாரி ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று விமலகுமாரி எதிர்பார்த்தாள். திட்டினால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பாள். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பதினாறாம் நாள் சடங்கு கழிந்த பிறகு அபிலாஷ் வந்தான். உள்ளே வரவில்லை, முற்றத்திலேயே நின்றான். லேகாவின் ரப்பர் கத்தியையும் தலை லைட்டையும் சுந்தரதாஸிடம் கொடுத்தான். இனி அந்த விளைக்கு அவன் வீட்டிலிருந்து யாரும் போகப்போவதில்லை, முதலாளியிடம் சொல்லிவிடுங்கள் என்றான். போகத் திரும்பியவன் நின்றான்.

"ஒங்களை ஒண்ணும் சொல்ல வரல அக்கா. நெய்யாற்றின்கரைக்குப் போவம்னு ராத்திரியும் நான் சொன்னேன். அவளாக்கும் வேண்டாம்னது. விமலக்கா உண்டே, எதுக்குப் பேடிக்கணும்னு சொன்னா."

சுந்தரதாஸ் அவனோடு வாசல்வரை போனார். திரும்பி வந்தபோது விமலகுமாரி தரையில் உட்கார்ந்து, பாதி விரல்களால் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பிடித்து நிறுத்த முயன்றார். முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நாளில் எதிர்வீடு பூட்டப்பட்டது. அபிலாஷ் மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அதியன்னூரில் வாடகை வீட்டுக்குப் போனான், கடைக்குப் பக்கம் என்று சொல்லிக்கொண்டான். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் வெட்ட ஆளில்லாமல் கிடந்தன. சிரட்டைகளில் மழைநீர் நிறைந்து கொசு பெருகியது. பஞ்சாயத்திலிருந்து வந்தவர்கள் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பச்சைக்குள் பன்றிகள் பகலிலேயே உறுமின.

மழை ஓயுமுன் ஒருநாள் ரத்னபாய் ஓடி வந்தாள். சபையில் விமலகுமாரியின் பக்கத்தில் உட்காருகிறவள். அவள் புருஷனுக்குக் காய்ச்சல், காலில் பொட்டு, பொட்டுக்கு நடுவே கருப்பாக ஒரு பொருக்கு.

"அந்த மாத்திரைக்க பேரு என்ன அக்கா? எழுதித் தாங்க."

விமலகுமாரி அடுப்படி வாசலில் நின்றாள். கருப்புப் பொருக்கு என்ற வார்த்தை கேட்டதும் கை தன் முழங்காலுக்குப் பின்னால் போனது. உண்ணி கடித்ததா என்ற கேள்வி நாக்குவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போ."

"உங்களுக்குத் தெரியாம யாருக்கு அக்கா தெரியும்?"

"தெரியாதுன்னு சொன்னேனே. போ பிள்ளே, போ."

ரத்னபாய் கோபத்தோடு போனாள். திண்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சுந்தரதாஸ் மெல்லச் சொன்னார். "உண்ணி கடிச்சதை டாக்டர்கிட்டச் சொல்லுன்னாவது சொல்லியிருக்கலாமே. ஜிஜாவும் அதைத்தானே சொல்லச் சொன்னா."

"நீங்க போயிச் சொல்லுங்க. எக்க வாயில இருந்து வாண்டாம்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினார். ரத்னபாய் வீடு பூட்டியிருந்தது, அவர்கள் ஏற்கெனவே ஜீப்பில் போய்விட்டார்கள். போனில் கூப்பிட்டார், எடுக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரிக்கு என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. நனைந்து திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னார். விமலகுமாரி சரி என்று தலையாட்டினாள்.

அந்த மனிதன் பிழைத்து வந்தான். என்ன காய்ச்சல் என்று விமலகுமாரி கேட்கவில்லை. ரத்னபாய் பிறகு சபையில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். அதன்பின் விமலகுமாரி சபைக்குப் போவதையே விட்டாள். போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். ஜெபம் முடிந்தபோது சுந்தரதாஸ் மட்டும் ஆமென் சொன்னார்.

சஜு கத்தாரிலிருந்து தினமும் கூப்பிடுகிறான். அம்மா பேசுவதில்லை, அப்பாதான் பேசுகிறார். ஊரில் யாருக்காவது பனி என்று பேச்சு எழுந்தால் அவள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறாள். கொக்கி போட அவளால் முடியாததால் ஜன்னல் கதவு காற்றில் திறந்துகொள்கிறது. அவள் திரும்பப் போய்ச் சாத்துகிறாள்.